நாலணாவும் கூழாங்கல்லும்: குழந்தைகளோடு மதிப்பைப் பற்றித் தத்துவம் பேசும் முறை

ஒரு பாயை விரித்து, அதன் நடுவில் ஐந்து பொருள்களை வையுங்கள்: பழைய நாலணா நாணயம் ஒன்று, ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு பக்கக் கம்பி ஒடிந்த மூக்குக்கண்ணாடி, புதிய நூறு ரூபாய்த் தாள். சுற்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரை உட்காரவைத்து, ‘மதிப்புக் குறைந்ததில் தொடங்கி மதிப்புக் கூடியது வரை வரிசையாக அடுக்குங்கள்’ என்று சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி யாருடையது, கல் எந்த ஆற்றில் கிடைத்தது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காததை நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்திவரும் வகுப்பில் இந்தப் பயிற்சியைப் பலமுறை செய்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே நூறு ரூபாய்த் தாள் வரிசையின் உச்சிக்குப் போய்விடும். நாணயமும் கல்லும் கடைசியில் கிடக்கும். ஒருமுறை, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூக்குக்கண்ணாடியை எடுத்து ரூபாய்த் தாளுக்கு மேலே வைத்தாள். ‘பாட்டிக்கு இது இல்லேன்னா கண்ணே தெரியாதுல்ல’ என்றாள். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: ‘அதான் உடைஞ்சிருச்சே. நூறு ரூபா இருந்தா சரி பண்ணிக்கலாம்.’ மூன்றாமவன் சற்று நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘மதிப்புன்னா யாருக்கு மதிப்பு? நமக்கா, பாட்டிக்கா?’ என்று கேட்டான். தத்துவ வகுப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

வீட்டிலோ பள்ளியிலோ நூலகத்திலோ இப்படியொரு உரையாடலை நடத்த விரும்பும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நீங்கள் தத்துவம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நம்மிடம் ஊறிப்போன இரண்டு பழக்கங்களை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். ஒன்று நீதிபோதனை, மற்றது பட்டிமன்றம். நீதிபோதனை வகுப்பில் முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கும். கதை எங்கெங்கு சுற்றினாலும் ‘ஆகவே நாம் பெரியோரை மதிக்க வேண்டும்’ என்ற வரியில் வந்து நிற்கும் என்பது கதை தொடங்கும்போதே பிள்ளைகளுக்குத் தெரியும். பட்டிமன்றத்தில் அணி முன்பே பிரிக்கப்பட்டிருக்கும். எதிரணியின் காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேச்சாளர் அதை ஒத்துக்கொள்ள முடியாது, நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரை தன் அணியில் நின்றாக வேண்டும். நாம் நடத்தப்போகும் உரையாடலில் எழுதிவைத்த முடிவு கிடையாது, அணி கிடையாது, நடுவரும் கிடையாது. நடுவே ஒரு பிள்ளை ‘இப்ப எனக்கு வேற மாதிரி தோணுது’ என்று சொன்னால், அந்த மாலைக்கு அதைவிட நல்லது வேறு நடக்க முடியாது.

இந்த முறை எங்கிருந்து வந்தது

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்துவந்த மேத்யூ லிப்மன், காரணம் சொல்லிச் சிந்திக்கும் பழக்கத்தைக் கல்லூரியில் தொடங்குவது மிகவும் தாமதம் என்ற முடிவுக்கு வந்தார். பள்ளிச் சிறுவர்கள் தமக்குள் பேசிப் பேசித் தர்க்க விதிகளைக் கண்டுபிடிப்பதாக ஒரு கதையை எழுதினார். 1974-இல் நியூ ஜெர்சியின் மாண்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரியில் இந்தப் பணிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆன் மார்கரெட் ஷார்ப் அவரோடு சேர்ந்து இந்த முறையை வளர்த்தார். சேர்ந்து வாசிப்பது, பிள்ளைகளே கேள்வி கேட்பது, கேட்டவர் பெயரோடு அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவது, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வட்டமாக உட்கார்ந்து பேசுவது என்ற ஒழுங்கு அங்கே உருப்பெற்று, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

பதினோரு, பன்னிரண்டு வயதுக்கு முன் குழந்தைகளுக்கு அருவமான சிந்தனை கைகூடாது என்ற எண்ணம், உளவியலாளர் ஜீன் பியாஜேயின் ஆய்வுகளை ஒட்டி, அக்காலக் கல்வியாளர்களிடம் வலுவாக இருந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் கேரத் மேத்யூஸ் இதை ஏற்கவில்லை. பானையை வழித்து நக்கிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், எல்லாமே கனவு இல்லை என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது எனத் தந்தையைக் கேட்டதை, 1980-இல் வெளிவந்த தம் நூலின் தொடக்கத்திலேயே அவர் பதிவு செய்தார். பிள்ளைகளோடு பழகுபவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

மறுபக்கம் பிளேட்டோவின் எச்சரிக்கையையும் மறக்கக் கூடாது. வாதத்தின் சுவையை முதன்முதலாகக் கண்ட இளைஞர்கள், எதிர்ப்படுவோரையெல்லாம் நாய்க்குட்டிகளைப் போலக் கவ்வி இழுத்துக் கிழிப்பார்கள் என்று சாக்ரடீஸின் வாயால் அவர் சொல்கிறார். நானும் இதைப் பார்த்திருக்கிறேன். வாதத்தை வெற்றி தோல்வியாகக் கற்பித்தால் குழந்தைகள் அப்படித்தான் ஆவார்கள். பட்டிமன்றத்தை வாசலில் விடச் சொல்வது இதனால்தான்.

மதிப்பு என்ற சொல்

உண்மை, அறிவு, காலம், மனம் என்று தத்துவத்துக்குப் பல வாசல்கள் இருக்க, மதிப்பை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு, குழந்தைகள் நாள்தோறும் அதிலேயே புழங்குகிறார்கள் என்பது முதல் காரணம். மிட்டாயைப் பங்கு போடுவதும், அட்டைகளை மாற்றிக்கொள்வதும், ‘அவன் கொடுத்த பேனாவை நான் யாருக்கும் தரமாட்டேன்’ என்பதும் மதிப்பீடுகளே. இரண்டாவது காரணம் நம் மொழி. ‘மதி’ என்றால் அறிவு. ‘மதித்தல்’ என்றால் அளவிடுவதும் மரியாதை செய்வதும். அந்த ஒரே வேரிலிருந்து மதிப்பு, மதிப்பீடு, மதிப்பெண், அவமதிப்பு எல்லாம் கிளைக்கின்றன. ஒரு பலகையில் இந்தச் சொற்களை எழுதி, ‘இவை எல்லாவற்றிலும் ஒரே மதிப்புத்தான் இருக்கிறதா?’ என்று கேட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ‘விலைமதிப்பற்ற முத்து’ என்பது புகழ்ச்சியாகவும் ‘மதிப்பற்ற பொருள்’ என்பது இகழ்ச்சியாகவும் இருப்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துக் கூச்சல் போடுவார்கள். ‘அருமை’ என்ற சொல்லுக்குக் கிடைப்பதற்கு அரியது என்றும் பொருள், சிறந்தது என்றும் பொருள். அரிதாக இருப்பது எல்லாம் சிறந்ததா என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே காத்திருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் ‘விலையில்லா மிதிவண்டி’ என்ற தொடரைப் பற்றிப் பேசலாம். அக்காவோ அண்ணனோ பதினோராம் வகுப்பில் வாங்கிய சைக்கிள் பல வீடுகளில் நிற்கும். விலை இல்லாத அந்தச் சைக்கிளுக்கு மதிப்பு இருக்கிறதா, இருந்தால் அது கடையில் வாங்கிய சைக்கிளின் மதிப்பிலிருந்து வேறானதா, ‘இலவசம்’ என்று சொல்லாமல் ‘விலையில்லா’ என்று சொல்வதில் என்ன வேறுபாடு என்றெல்லாம் அவர்கள் தாமே கேட்கத் தொடங்குவார்கள். விலையும் மதிப்பும் ஒன்றல்ல என்பதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே வராது.

உட்காரும் முன்

எட்டுப் பேருக்குக் குறைந்தால் கருத்துகள் போதாமல் போகும். பதினைந்துக்கு மேல் போனால் பாதிப் பேர் பேசாமலேயே எழுந்து போவார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டாகப் பிரித்து, வெளியே இருப்பவர்கள் கவனித்துக் குறிப்பெடுக்கவும் பாதி நேரத்தில் இடம் மாறிக்கொள்ளவும் செய்யலாம். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் போதும். எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கும்படி வட்டமாக உட்கார வேண்டும். பெரியவரும் அதே பாயில், அதே உயரத்தில் உட்கார வேண்டும். நாற்காலியில் நீங்களும் தரையில் அவர்களுமாக இருந்தால், பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசாமல் உங்களைப் பார்த்தே பேசுவார்கள்.

நம் வீடுகளில் வளரும் குழந்தைக்கு ‘எதிர்த்துப் பேசாதே’ என்பது நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து காதில் விழும் சொல். ஆகவே ஒருவர் கருத்தை மறுப்பது அவரை அவமதிப்பது ஆகாது என்பதை வாயால் சொன்னால் போதாது. மறுப்பதற்கான வாசகத்தையும் கையில் கொடுக்க வேண்டும். ‘அக்கா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம்’, ‘அவன் சொன்னது பாதி சரி, ஏன்னா…’ என்ற இரண்டு வாசகங்களை நான் முதல் நாளே பழக்கிவிடுவேன். பிறகு நானே வேண்டுமென்று ஓட்டையுள்ள ஒரு கருத்தைச் சொல்லி, யாராவது அதில் சந்தேகம் எழுப்பும்வரை காத்திருப்பேன். முதல் வாரம் யாரும் எழுப்ப மாட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவர் எழுப்புவார். அவருக்கு நீங்கள் நன்றி சொல்லும் விதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் துணிவார்கள்.

கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும்

பொருளைப் பார்த்தோ கதையைக் கேட்டோ முடித்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பின்னர் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேள்வியை உருவாக்கட்டும். அதைத் திருத்தாமல், அவர்களுடைய சொற்களிலேயே, பெயரோடு பலகையில் எழுதுங்கள். தன் பெயர் பக்கத்தில் இருக்கும் கேள்வியை அந்தப் பிள்ளை எளிதில் விட்டுவிடாது.

எல்லாக் கேள்வியும் தத்துவக் கேள்வி ஆகாது. பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் வழி எளியது. இதற்கான விடை அகராதியிலோ கூகுளிலோ கிடைக்குமா? தெரிந்த ஒருவரைக் கேட்டால் போதுமா? இல்லை, அவர் சொன்ன பிறகும் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்குமா? ‘நாலணா எப்போது செல்லாமல் போனது?’ என்பது முதல் வகை. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவை ஆயின என்பது விடை. ‘இந்த ஐந்து பொருளில் உங்களுக்கு எது பிடிக்கும்?’ என்பது இரண்டாம் வகை. ‘நேற்று வரை இருந்த மதிப்பு ஒரு நாளில் எங்கே போச்சு?’ என்பது மூன்றாம் வகை. பிள்ளைகளையே கொண்டு கேள்விகளை இப்படிப் பிரிக்கச் செய்து, மூன்றாம் வகையில் ஒன்றைக் கைதூக்கித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு வாக்கு கொடுத்தால், தன் கேள்விக்கு ஒன்று போட்டபின் இன்னொருவர் கேள்வியையும் நேர்மையாகப் பார்ப்பார்கள்.

உரையாடல் தொடங்கிய பிறகு உங்கள் வேலை மிகக் குறைவு, ஆனால் கடினமானது. ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’, ‘ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லேன்’, ‘அப்படி இல்லாத ஒன்றை யாராவது சொல்ல முடியுமா?’, ‘அவள் சொன்னதும் நீ சொல்வதும் ஒன்றா, வேறா?’ என்ற நான்கு கேள்விகளுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ‘வெரி குட்’, ‘சரியாச் சொன்னே’ என்ற சொற்களை விட்டுவிடுங்கள். நீங்கள் ஒருமுறை ‘வெரி குட்’ சொல்லிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு பதிலும் அந்த ‘வெரி குட்’டைத் தேடித்தான் வரும். கேள்வி கேட்டபின் வரும் மௌனத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழாவது எண்ணில் யாராவது பேசிவிடுவார்கள்.

பத்துக் குடம் தண்ணீர்

பாயில் இருந்த தண்ணீர் பாட்டிலை ஒரு முழு வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய நூலில், தண்ணீரைப் போலப் பயனுள்ளது வேறில்லை, ஆனால் அதைக் கொடுத்து வாங்கக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை; வைரத்துக்குப் பயன் மிகக் குறைவு, ஆனால் அதைக் கொடுத்து எவ்வளவோ வாங்கலாம் என்று குறிப்பிட்டார். இந்தப் புதிரைப் பெயரெல்லாம் சொல்லாமல் பிள்ளைகளிடம் வையுங்கள். சென்னைப் பிள்ளைகள் உடனே, ‘தண்ணியையும் காசு கொடுத்துத்தானே வாங்குறோம்’ என்பார்கள். அது சரியான மறுப்பு. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை அவர்களுக்குச் சொல்லலாம். அந்த வாரம் தண்ணீரின் மதிப்பு கூடியதா, அல்லது என்றும் இருந்த மதிப்பு அப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிந்ததா?

இந்த இடத்தில் ஒரு கணக்கு வைத்துப் பேசுவது நல்லது. ‘உங்கள் வீட்டுக்கு இன்றைக்குப் பத்துக் குடம் தண்ணீர் வருகிறது. எது எதற்கு எத்தனை குடம்?’ என்று கேட்டுப் பலகையில் எழுதுங்கள். குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, குளிக்க நான்கு, துணிக்கு இரண்டு, செடிக்கு ஒன்று, வண்டி கழுவ ஒன்று என்று ஏதோவொரு பட்டியல் வரும். ‘நாளைக்கு ஒன்பது குடந்தான். எதை விடுவீர்கள்?’ வண்டி போகும். எட்டு என்றால் செடியா, துணியா என்று சண்டை வரும். செடிக்காக வாதாட ஒரு பிள்ளையாவது இருக்கும். இப்படியே குறைத்துக் குறைத்து ஒரு குடத்துக்கு வரும்போது வட்டம் அமைதியாகிவிடும். ‘பத்தாவது குடத்தை ஒருவர் விலைக்குக் கேட்டால் என்ன விலை சொல்வீர்கள்? கடைசிக் குடத்தைக் கேட்டால்?’ என்று அப்போது கேளுங்கள். 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரா என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் தனித்தனியே எட்டிய விளக்கத்தின் சாரத்தை, பத்து வயதுப் பிள்ளை குடக் கணக்கில் எட்டிவிடும்: விலையைத் தீர்மானிப்பது தண்ணீரின் மொத்தப் பயன் அல்ல, இன்னும் ஒரு குடம் கூடினால் அல்லது குறைந்தால் ஏற்படும் வேறுபாடு.

ஆனால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த விளக்கம் விலையைப் பற்றியது. செடிக்காக வாதாடிய பிள்ளை விலையைப் பற்றிப் பேசவே இல்லை; செடிக்கும் தாகம் எடுக்கும் என்றுதான் பேசியது. ‘விலை எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டது. மதிப்பு எப்படி வருகிறது என்றும் தெரிந்துவிட்டதா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

‘அவரவர்க்கு அவரவர் மதிப்பு’ என்று நின்றுவிட்டால்

மதிப்பைப் பற்றிய எல்லா உரையாடலும், பெரியவர்களுடையது உட்பட, கால் மணி நேரத்தில் ஒரு முட்டுச்சந்தில் வந்து நிற்கும். ‘ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு பிடிக்கும், அவ்வளவுதான்’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டுவார்கள். பெருந்தன்மையாகத் தோன்றும் இந்த வாக்கியத்தோடு சிந்தனை அடங்கிவிடுகிறது. அதைத் தவறு என்று நீங்கள் அறிவிக்கக் கூடாது. அதைச் சோதிக்கும் நிகழ்வு ஒன்றைக் கொடுங்கள்.

நான் கொடுப்பது இது. நான்கு வயதுத் தம்பி ஒருவன் காதில் கிடந்த தங்கக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து, ஒரு குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கம்மலைவிட ஐஸ்தான் பிடிக்கும். அவரவர்க்கு அவரவர் மதிப்பு என்றால், அவன் செய்ததில் தவறு என்ன? எல்லோரும் ஒரே குரலில் ‘ஏமாத்திட்டாங்க’ என்பார்கள். யார், யாரை, எதில் ஏமாற்றினார்கள்? ஏமாந்தான் என்றால், கம்மலின் மதிப்பைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஒருவர் மதிப்பைத் தவறாக எடைபோட முடியும் என்றால், அது வெறும் விருப்பம் மட்டும் இல்லை என்று ஆகிறதா? ஒருமுறை ஒரு சிறுவன் இதற்கு எதிராக, ‘கம்மலுக்கு மதிப்புன்னு பெரியவங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்காங்க, அவனைக் கேக்கவே இல்லையே’ என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதை அப்படியே சொன்னேன். அடுத்த இருபது நிமிடம் அவர்களே பேசினார்கள்.

பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அந்தக் கேள்வியின் வடிவத்தை இங்கே கொண்டுவரலாம்: நாம் மதிப்பதால் ஒரு பொருளுக்கு மதிப்பு வருகிறதா, மதிப்பு இருப்பதால் நாம் மதிக்கிறோமா? பாயில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இதைக் கேட்டுப் பார்த்தால், நாலணாவுக்கு ஒரு விடையும் தண்ணீருக்கு வேறு விடையும் வருவதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள். நாணயத்தின் மதிப்பை ஓர் அறிவிப்பால் எடுத்துவிட முடிந்தது; தாகத்தை எந்த அறிவிப்பாலும் எடுக்க முடியாது.

கூழாங்கல்லுக்கு என்ன விடை என்பதுதான் கடினம். அதற்கு உதவியாக, ரிச்சர்டு ரௌட்லி என்ற தத்துவ அறிஞர் 1973-இல் முன்வைத்த கற்பனை ஒன்று இருக்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் கடைசி மனிதன், தான் இறப்பதற்கு முன் மரங்களையும் உயிர்களையும் அழித்துவிட்டுப் போகிறான். அதனால் பாதிக்கப்பட வேறு மனிதர் யாரும் இல்லை. அவன் செய்தது தவறா? நான் இதை ஊர்க் குளக்கரை ஆலமரத்தோடு சேர்த்துச் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தவறு என்றே சொல்வார்கள். யாருக்குத் தவறு செய்தான் என்று கேட்கும்போது ‘பறவைக்கு’ என்பார்கள். பறவையும் இல்லையென்றால்? அப்போது மரத்தை மட்டும் நினைத்துப் பேச வேண்டியிருக்கும்.

கதைகளைக் கையாளும் விதம்

நம்மிடம் இருக்கும் கதைகள் மதிப்பைப் பற்றிய கேள்விகளால் நிரம்பியவை. ஆனால் தேர்வுக்கு உரிய விடையோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டுவிட்டதால் அந்தக் கேள்விகள் மறைந்துபோயின. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுளைத் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ‘அதியமானின் கொடைப் பண்பு’ என்ற தலைப்பும் தெரியும். கதையைச் சொல்லி முடித்ததும் அந்தத் தலைப்பை நீங்கள் உச்சரிக்காமல் இருக்க வேண்டும்.

ஔவையாரே இதைப் பாடிய புறநானூற்று 91-ஆம் பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. கனியின் பயனைச் சொல்லாமல் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அதியமான் அதைக் கொடுத்தான் என்கிறார் அவர். பிள்ளைகளிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஔவையார் வாங்கியிருப்பாரா? ஒருவருக்கு நல்லதையே செய்தாலும், அவரிடம் மறைத்துச் செய்வது சரியா? நாட்டைக் காக்கும் அரசனின் உயிர், பாட்டுப் பாடும் புலவரின் உயிர் என்று ஒப்பிட முடியுமா? உயிர்களை ஒப்பிடவே கூடாது என்றால், அதியமான் எதை வைத்து முடிவெடுத்தான்? எங்கள் வட்டத்தில் ஒரு சிறுமி, ‘அவன் செத்தா மக்களுக்குத்தானே கஷ்டம், மக்களைக் கேக்காம எப்படிக் கொடுக்கலாம்?’ என்று கேட்டாள். அதியமானின் மேல் அவளுக்கு மரியாதை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. மதிப்பான ஒன்றைத் தர இன்னொரு மதிப்பான ஒன்றை இழக்க வேண்டியிருந்தது என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் இப்படிப் பேசலாம். ஒரு பந்தல் போட்டால் போதாதா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், அதை அசட்டுக் கேள்வி என்று தள்ளாதீர்கள்.

பங்கீட்டைப் பற்றிப் பேச, அமர்த்தியா சென் 2009-இல் வெளியிட்ட நீதியைப் பற்றிய நூலில் தரும் புல்லாங்குழல் எடுத்துக்காட்டைவிட நல்லதை நான் கண்டதில்லை. மூன்று குழந்தைகள், ஒரு புல்லாங்குழல். முதல் குழந்தைக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். இரண்டாவது குழந்தை ஏழை, விளையாட வேறு பொருளே இல்லை. மூன்றாவது குழந்தை மாதக்கணக்கில் உழைத்து அதைச் செய்தது. யாருக்குக் கொடுக்கலாம்? மூன்று பிள்ளைகளை அந்த மூவராகப் பேசச் சொல்லி, பிறகு பாத்திரங்களை மாற்றிப் பேசச் சொல்லுங்கள். பாத்திரம் மாறியதும் தன் பழைய காரணத்துக்கே தான் பதில் சொல்ல வேண்டியிருப்பது பிள்ளைகளை வெகுவாக யோசிக்கவைக்கும்.

மதிப்பெண்ணைத் தொடும்போது

ஐந்தாறு வகுப்புகள் நடத்தி, ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிய பிறகு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் வேண்டாம். அரிஸ்டாட்டிலின் வழியில் ‘எதற்காக?’ என்று ஒரு சங்கிலி கோர்ப்பது நல்ல தொடக்கம். மதிப்பெண் எதற்காக? நல்ல கல்லூரிக்காக. கல்லூரி எதற்காக? வேலைக்காக. வேலை பணத்துக்காக, பணம் வீட்டுக்காக, வீடு அம்மா அப்பாவோடு நன்றாக இருப்பதற்காக. நன்றாக இருப்பது எதற்காக? பலகையில் அம்புக்குறிகளோடு இது நீளும்போது, மேலே கேட்க முடியாத ஓரிடத்தில் வந்து நிற்கும். இன்னொன்றுக்காக வேண்டியிருப்பது, தனக்காகவே வேண்டியிருப்பது என்ற வேறுபாட்டை அங்கே பிள்ளைகள் தம் சொற்களில் சொல்லுவார்கள். சிலர் கோலம் போடுவது, கபடி ஆடுவது போன்றவற்றைக் காட்டி, சங்கிலியே இல்லாமல் நேராகக் கடைசிக் கட்டத்தில் நிற்பவையும் உண்டு என்பார்கள். மதிப்பெண் ஒரு பிள்ளையின் மதிப்பை எண்ணுகிறதா, விடைத்தாளின் மதிப்பை எண்ணுகிறதா என்ற கேள்வியை அவர்களே எழுப்பும்வரை விட்டுவிடுங்கள். நாம் எழுப்பினால் அது ஆறுதல் உரையாகப் போய்விடும்.

நான் செய்த தவறு

தொடக்கத்தில் ஒருமுறை, ‘உங்கள் வீட்டிலிருந்து மிக மதிப்பான பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள்’ என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு சிறுவன் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தோடு வந்தான். இன்னொருவன் எதையும் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னான், மாலை முழுவதும் தலை நிமிரவில்லை. அவன் மறக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தபோது வகுப்பு பாதி முடிந்திருந்தது. அன்றிலிருந்து பொருள்களை நானே கொண்டுபோகிறேன். வீட்டு நகை, அடகு, அப்பாவின் சம்பளம், வீட்டின் அளவு ஆகியவற்றைக் கேள்வியாகக் கேட்பதில்லை. ஒரு பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு, அதை எடுத்துக்காட்டாக்காமல் பேச்சை மெல்லத் திருப்பிவிடுவேன்.

திறந்த உரையாடல் என்பதற்காக எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விடலாம் என்று பொருளில்லை. சாதியையோ மதத்தையோ நிறத்தையோ வைத்து ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை தாழ்த்திப் பேசினால், ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று வட்டத்தின் நடுவில் கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மானம் ஆய்வுப் பொருள் அல்ல. அங்கே பெரியவர் பெரியவராக நடந்துகொண்டு, தெளிவாக நிறுத்த வேண்டும். பிறகு தனியே உட்கார்ந்து அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டும்.

பலனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, இம்முறையில் பயின்ற பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டு மாதப் பாடத்தின் அளவு முன்னேறியதாகச் சொன்னது. பின்னர் இன்னும் பெரிய அளவில் நடத்தப்பட்ட ஆய்வில் வாசிப்பில் அப்படியொரு முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே மதிப்பெண் கூடும் என்று சொல்லி இந்த வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். நான் கவனிப்பவை சிறியவை: ‘ஏன்னா’ என்ற சொல் எத்தனை முறை வந்தது, ஒருவர் பெயரைச் சொல்லி அவர் கருத்தைச் சரியாகத் திரும்பச் சொன்னவர்கள் எத்தனை பேர், யாராவது தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்களா, பேசாத பிள்ளை எப்போது பேசியது. பேசாமலேயே கவனிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

வகுப்பு முடியும் நேரத்தில் கூழாங்கல்லை வட்டத்தில் கைமாற்றி விடுங்கள். கல் கைக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லலாம், அல்லது சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உங்கள் கைக்கு வரும்போது நீங்களும் ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்லாதீர்கள். அதுவும் தீர்ப்பாக இல்லாமல், அன்று உங்களை யோசிக்கவைத்த ஒரு பிள்ளையின் சொல்லாக இருக்கட்டும். விடை கிடைக்காத கேள்விகளை ஒரு நோட்டில் பெயரோடும் தேதியோடும் எழுதிவையுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், ‘மதிப்புன்னா யாருக்கு மதிப்பு?’ என்பது அந்தச் சிறுவனின் பெயரோடு இருக்கிறது. இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கும் அவன், சென்ற மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கேள்விக்குக் கீழே பென்சிலால் இன்னொரு கேள்வியை எழுதிவைத்துப் போனான்: ‘பாட்டி இப்ப இல்ல. கண்ணாடிக்கு இன்னும் மதிப்பு இருக்கா?’ வருகிற சனிக்கிழமை அதை எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம்.